என் பிழையும் சேர்ந்தே களவு போனது: செய்தித் திருட்டு பற்றி ஒரு விவாதம்

தூறல் எழுதியது:

வணக்கம். நிருபராகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மூடப்படவிருக்கும் ஒரு பழைய நூலகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். நான்கு நாள் அங்கேயே போய் உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள்தான், தினமும் வந்து படிக்கும் ஒரு பெரியவர் வாய் திறந்தார். வாசிப்பு அறையில் 17 நாற்காலிகள் இருந்தன. அதில் ஒன்றுக்கு ஒரு கால் கிடையாது. செங்கல் அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். பெரியவர் வழக்கமாக உட்காருவது அந்த நாற்காலியில்தான். அதையும் எழுதினேன்.

வெளியான மறுநாள் வேறொரு செய்தித் தளத்தில் அதே கதை வந்தது. வேறு தலைப்பு, வேறு பைலைன் (எழுதியவர் பெயர்). வாக்கியங்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டிருந்தார்கள். ஆனால் 17 நாற்காலி இருந்தது. செங்கல் இருந்தது. பெரியவர் என்னிடம் சொன்ன வார்த்தைகள் மேற்கோள் குறிக்குள் அப்படியே இருந்தன. எங்கள் பத்திரிகையின் பெயர் எங்கேயும் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. பெரியவருக்கு வயது 76. அவசரத்தில் நான் 67 என்று அடித்துவிட்டேன். அவர்கள் செய்தியிலும் 67.

பிழை தெரிந்ததும் திருத்தச் சொல்லி, செய்திகளைச் சரிபார்த்து வெளியிடும் எங்கள் டெஸ்க்குக்கு எழுதினேன். பணியில் இருந்தவர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "அவர்களும் 67 என்றுதானே போட்டிருக்கிறார்கள், அப்படியானால் சரியாகத்தான் இருக்கும்" என்றார். நான் செய்த பிழைக்கு, என்னிடமிருந்து எடுத்தவர்களே சாட்சியாக வந்து நின்றார்கள்.

"செய்தி எல்லோருக்கும் பொது, இதைப் போய் பெரிதாக்காதே" என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். இது திருட்டுதானே? நான் மட்டும்தான் இப்படிக் கொதிக்கிறேனா?

---

ஒற்றையடி எழுதியது:

உங்கள் வருத்தம் புரிகிறது தூறல். ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன். நான் இணையப் பிரிவில் இருக்கிறேன். ஒரு ஷிப்டில் 14 செய்தி போட்டாக வேண்டும். எந்த இடத்துக்கும் போக நேரமும் இல்லை, அனுப்பவும் மாட்டார்கள். மற்ற தளங்களைப் பார்த்து மாற்றி எழுதுவதுதான் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

நூலகம் மூடப்படுகிறது என்பது உண்மை. அதை நீங்கள் முதலில் சொன்னீர்கள் என்பதற்காக அந்த உண்மை உங்கள் சொத்தாகிவிடாது. காப்புரிமை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு, தகவலுக்குக் கிடையாது. வாக்கியத்தை மாற்றி எழுதிய பிறகு அதில் திருட்டு எங்கே இருக்கிறது? குதர்க்கமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

---

நடுநிசி டெஸ்க் எழுதியது:

ஒற்றையடி, நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள். சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன். டெஸ்க்கில் உட்கார்ந்து 22 வருடம் ஆகிறது. இந்த விஷயத்தில் எனக்கு ஆத்திரம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன சட்டம் சரி, ஆனால் பாதிதான். இதே கேள்வி 1918-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. முதல் உலகப் போர்க் காலம். இன்டர்நேஷனல் நியூஸ் சர்வீஸ் என்ற செய்தி நிறுவனத்துக்கு நேச நாடுகள் தங்கள் தந்திக் கம்பிகளைக் கொடுக்க மறுத்துவிட்டன. அதன் போட்டி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் போர்ச் செய்திகள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அறிவிப்புப் பலகைகளிலும் அதிகாலைப் பதிப்புகளிலும் வரும். இன்டர்நேஷனல் நிறுவனத்தார் அதைப் பார்த்து மாற்றி எழுதி, தங்கள் பத்திரிகைகளுக்குத் தந்தி அடித்தார்கள். கிழக்குக்கும் மேற்குக்கும் நேர வித்தியாசம் உண்டு அல்லவா? மேற்குக் கரையில் சில நேரம் எடுத்தவர்கள் செய்தியே முதலில் வந்துவிடும். நீதிமன்றம் என்ன சொன்னது? நடந்த சம்பவம் யாருக்கும் சொந்தமில்லை என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் ஒருவன் பணமும் உழைப்பும் போட்டுத் திரட்டியதைப் போட்டியாளன் எடுத்துத் தன் சரக்காக விற்பது முறையற்ற போட்டி என்றது. விதைக்காதவன் அறுக்கிறான் என்ற பொருளில்தான் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. அதன் பிறகு சட்டம் எவ்வளவோ மாறிவிட்டது, நாட்டுக்கு நாடு வேறுபடவும் செய்கிறது. ஆனால் "தகவல் பொது, அதனால் எதையும் எடுக்கலாம்" என்ற வாதம் 100 வருடத்துக்கு முன்பே ஒரு முறை தோற்றுப்போயிருக்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இது முதலில் தொழில் நேர்மை பற்றிய கேள்வி. "நூலகம் மூடப்படுகிறது" என்பது பொதுத் தகவல். நீங்களே அதிகாரிக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொண்டு எழுதலாம், யாரும் குறை சொல்ல முடியாது. 17 நாற்காலி அப்படிப்பட்டது இல்லை. அந்த அறைக்குள் நின்று எண்ணியவருக்குத்தான் அது தெரியும். எண்ணாத நீங்கள் அதை உங்கள் பைலைனுக்குக் கீழே எழுதினால் "நான் போனேன், நான் பார்த்தேன்" என்று வாசகரிடம் சொல்கிறீர்கள். அது பொய். வாக்கியத்தை எத்தனை முறை புரட்டிப் போட்டாலும் அந்தப் பொய் அப்படியே இருக்கும்.

தூறல் சொன்னதில் என்னை உலுக்கியது அந்த 67 என்ற எண். எழுத்துத் திருட்டு எழுதியவருக்குச் செய்யும் அநியாயம் என்றே எல்லோரும் பேசுகிறோம். வாசகருக்குச் செய்யும் அநியாயம் அதைவிடப் பெரிது. ஒரே செய்தியை இரண்டு இடத்தில் படிப்பவர் இரண்டு பேர் தனித்தனியாக விசாரித்து எழுதியிருக்கிறார்கள் என்று நம்புகிறார். ஐந்து இடத்தில் வந்தால் சந்தேகமே படமாட்டார். போனது ஒரே ஒருவர். அந்த ஒருவர் தவறியிருந்தால் ஐந்தும் தவறு. எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லியிருந்தால், "எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை" என்பது வாசகருக்குத் தெரிந்திருக்கும். அதை மறைக்கும்போது இல்லாத சாட்சிகளை உருவாக்கிவிடுகிறோம்.

2009-இல் இசையமைப்பாளர் மொரீஸ் ஜார் இறந்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? டப்ளினில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், ஜார் சொன்னதாக ஒரு மேற்கோளைத் தானே இட்டுக்கட்டி விக்கிப்பீடியாவில் சேர்த்தார். ஊடகங்கள் இணையத்தை எவ்வளவு நம்புகின்றன என்று சோதிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆதாரம் இல்லை என்று விக்கிப்பீடியாவினர் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் பத்திரிகைகளின் இரங்கல் கட்டுரைகளுக்குள் அது போய்விட்டது. பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை உட்பட. ஒரு மாதம் கழித்து அந்த மாணவரே எழுதிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. "விக்கிப்பீடியாவில் இருந்து" என்று ஒரு இடத்தில் ஒரு வார்த்தை போட்டிருந்தால், படிக்கும் யாராவது ஒருவர் போய்ப் பார்த்திருப்பார்.

---

சுடர்விழி எழுதியது:

நான் இதழியல் இரண்டாம் ஆண்டு மாணவி. எனக்கு வேறு பயம். வேண்டுமென்றே செய்பவர்களை விடுங்கள். எனக்கே தெரியாமல் நான் செய்துவிட்டால்? ஒரு கட்டுரைக்காகப் பத்துப் பதினைந்து இடத்தில் படிக்கிறேன். எழுதும்போது எது என் வாக்கியம், எது படித்த வாக்கியம் என்று சில நேரம் குழம்பிவிடுகிறது.

---

கூழாங்கல் எழுதியது:

சுடர்விழி, இந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். நான் செய்திருக்கிறேன், மாட்டியும் இருக்கிறேன்.

ஒன்பது வருடம் ஆகிறது. குடிநீர்க் குழாய்கள் பற்றி ஒரு நீண்ட கட்டுரை. மூன்று வாரமாகத் தகவல் சேர்த்தேன். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வைத்திருந்தேன். நான் நேரில் பார்த்தது, பேட்டியில் கேட்டது, இணையத்தில் படித்துக் காப்பி செய்து ஒட்டியது எல்லாம் ஒரே எழுத்துருவில், ஒன்றன் கீழ் ஒன்றாக. சிலவற்றின் மேல் லிங்க் இருந்தது, பலவற்றில் இல்லை. கடைசி நாள் இரவு அந்தக் கோப்பிலிருந்தே நேராக எழுத ஆரம்பித்தேன். பத்திகளை நகர்த்தினேன், நடுவில் இணைப்பு வரிகள் எழுதினேன், அனுப்பினேன்.

வெளியாகி நான்காம் நாள் ஒரு வாசகர் மின்னஞ்சல் அனுப்பினார். ஒரு வசவு கூட அதில் இல்லை. இரண்டு லிங்க் மட்டும். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, இரண்டையும் அச்செடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதில் ஒரு வரி, அதில் ஒரு வரி என்று வாய்விட்டுப் படித்தார். இரண்டு பத்தி. கடைசி வரிக்கு வரும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. ஏனென்றால் அந்த வரியைத்தான் "அருமையாக எழுதியிருக்கிறாய்" என்று எல்லோர் முன்னாலும் அவர் பாராட்டியிருந்தார்.

மூன்று வாரம் பணி இடைநீக்கம் செய்தார்கள். திருத்தக் குறிப்பு போட்டார்கள். அது நியாயம்தான். அந்தப் பாராட்டுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியம். ஆனால் அந்தச் சமாதானத்தை நானே ஏற்கவில்லை. அப்படி ஒரு கோப்பை வைத்திருந்தது என் தவறு. அங்கேயே திருட்டு தொடங்கிவிட்டது. எழுத உட்கார்ந்த இரவில் அது வெளியே வந்தது, அவ்வளவுதான்.

இப்போது எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். நேரில் பார்த்ததும் கேட்டதும் கையால் காகித நோட்டில் மட்டும். கணினிக் கோப்பில் அடுத்தவர் எழுத்து மட்டும். இரண்டும் ஒரே இடத்தில் சேரவே சேராது. கோப்பில் எதையாவது ஒட்டும் முன் யார், எங்கே, எந்தத் தேதி என்று முதலில் தட்டச்சு செய்வேன், அப்புறம்தான் ஒட்டுவேன். வரிசை முக்கியம். ஒட்டிவிட்டுப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எழுதவே மாட்டோம். ஒட்டியது ஒரே வரியாக இருந்தாலும் மேற்கோள் குறி போட்டுவிடுவேன்.

எழுதும்போது எல்லா ஜன்னலையும் மூடிவிடுவேன். நோட்டு மட்டும்தான் பக்கத்தில். ஒரு விஷயத்தை மூலத்தைத் திறக்காமல் என்னால் எழுத முடியவில்லை என்றால், அது எனக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள். அப்போது திரும்பப் போய்ப் படிப்பேன், இல்லையென்றால் யாரையாவது கூப்பிட்டுக் கேட்பேன். முழுதாக எழுதி முடித்த பிறகு கோப்பைத் திறந்து எண்களையும் பெயர்களையும் சரிபார்ப்பேன். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது இதைவிட வேகமாக எழுத வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

---

நடுநிசி டெஸ்க் எழுதியது:

கூழாங்கல், இதைப் பொதுவில் எழுத எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். நன்றி.

பெரிய பெயர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2012 ஆகஸ்டில் அமெரிக்காவின் டைம் இதழில் பத்திரிகையாளர் ஃபரீத் ஸகாரியா எழுதிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக் கட்டுரையில் ஒரு பத்தி, நியூயார்க்கர் இதழில் வரலாற்றாசிரியர் ஜில் லெபோர் எழுதியதை நெருக்கமாக ஒத்திருந்தது. டைமும், அவர் நிகழ்ச்சி நடத்திய சிஎன்என் தொலைக்காட்சியும் அவரை இடைநிறுத்தம் செய்தன. அவர் உடனே தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், சில நாளில் திரும்பி வந்தார். ஒரே ஒரு பத்தி. அத்தனை வருடம் எழுதியவருக்கு அந்த ஒரு பத்தி போதுமானதாக இருந்தது.

நிருபர் ஜேசன் பிளேர் கதை வேறு ரகம். 2003-இல் நியூயார்க் டைம்ஸில் அவர் எழுதிய ஒரு செய்தி, சான் அன்டோனியோ எக்ஸ்பிரஸ் நியூஸில் சில நாள் முன்பு வந்ததைப் போலவே இருந்தது. ஈராக்கில் காணாமல் போன ஒரு படைவீரரின் தாயைப் பற்றிய செய்தி. கேள்வி எழுந்து விசாரித்தபோது, அவர் அந்த வீட்டுக்கே போகவில்லை என்று தெரிந்தது. மே மாதம் பத்திரிகை தன் முதல் பக்கத்திலேயே தொடங்கி 7,000 வார்த்தைக்கு மேல் எழுதி எல்லாவற்றையும் வெளியிட்டது. அதற்கு முந்தைய சில மாதங்களில் அவர் எழுதிய 73 செய்திகளில் குறைந்தது 36-இல் கோளாறு. பத்திரிகையின் புகைப்படக் காப்பகத்தில் படங்களைப் பார்த்து, நேரில் நின்று பார்த்ததுபோல எழுதியதும் அதில் இருந்தது. ஜூன் மாதம் ஆசிரியரும் நிர்வாக ஆசிரியரும் பதவி விலகினார்கள். தூறலின் செங்கல் வைத்த நாற்காலியைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. எடுத்தவர்கள் "அங்கே இருந்தேன்" என்ற பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

---

மறுகரை எழுதியது:

யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பு.

நான் சர்வதேசச் செய்திப் பிரிவில் இருக்கிறேன். ஆங்கிலத்தில் வந்த கட்டுரையைத் தமிழில் பெயர்த்து, மூலத்தின் பெயரைச் சொல்லாமல், பெயர்த்தவர் பைலைனில் போடுவது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். "தமிழில் யாரும் எழுதவில்லையே, நாம்தானே கொண்டுவந்தோம்" என்பார்கள். கொண்டுவந்தது நல்ல காரியம். அதற்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது: "தமிழில்" என்று போட்டுப் பக்கத்தில் பெயர்த்தவர் பெயர். அதோடு எழுதியவர் பெயரும் மூலப் பத்திரிகையின் பெயரும். இதற்கு எத்தனை எழுத்து செலவாகிறது? ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களில் பல மொழி மாறினால் திணறிவிடும். பிடிபட மாட்டோம் என்ற தைரியம்தான் இதன் வேர்.

இதில் என்னால் பொறுக்கவே முடியாதது "நம்மிடம் பேசிய அவர்" என்ற தொடர். ஒரு விஞ்ஞானி வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியைப் பெயர்க்கும்போது நடுவில் இதைச் செருகிவிடுகிறார்கள். அவர் நம்மிடம் பேசவே இல்லை! நம் பத்திரிகையின் பெயர் கூட அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

ஆங்கிலப் பத்திரிகை உலகிலும் இதன் சாயலில் ஒன்று நடந்தது. பிரிட்டனின் தி இன்டிபென்டன்ட் பத்திரிகையில் எழுதிய ஜோஹான் ஹாரி, தான் எடுத்த பேட்டிகளில், பேட்டி கொடுத்தவர்கள் தங்கள் புத்தகங்களில் எழுதியதையும் வேறு நிருபர்களிடம் சொன்னதையும் தன்னிடமே சொன்னதுபோலச் சேர்த்திருந்தார். 2011-இல் வெளிப்பட்டது. நேரில் தெளிவாகப் பேசாதவர்களின் கருத்தைத் தெளிவாகக் கொடுக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று முதலில் விளக்கம் சொன்னார். பின்னால் மன்னிப்புக் கேட்டு, 2008-இல் இதழியலுக்காக வாங்கிய ஆர்வெல் பரிசைத் திருப்பிக் கொடுத்தார். அவர் விளக்கத்தில் நல்லெண்ணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் "தன் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறார்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அதே தெளிவு கிடைத்திருக்கும், பொய்யும் இருந்திருக்காது.

---

ஒற்றையடி எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். "இல்லாத சாட்சி" என்று நடுநிசி ஐயா சொன்னதை நான் இதுவரை யோசித்ததே இல்லை.

ஆனால் 14 செய்தி என்பது மாறப்போவதில்லை. எனக்கு நடைமுறையில் பதில் வேண்டும். செய்தி ஏஜென்சிகள் அனுப்பும் செய்தி? அரசு, கம்பெனிகள் அனுப்பும் செய்திக் குறிப்பு? நாங்கள் கீழே "நன்றி: இணையம்" என்று போடுகிறோமே, அது போதாதா? நம் பழைய செய்தியில் இருந்து நாமே எடுத்தால்?

---

நடுநிசி டெஸ்க் எழுதியது:

"நன்றி: இணையம்" பற்றி முதலில். இணையம் என்று ஒரு ஆள் இல்லை. யாரோ ஒருவர் எழுதினார், எடுத்தார், வரைந்தார். அவர் யார் என்று தேடச் சோம்பல்பட்டோம் என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. யார் என்று தெரியவில்லையென்றால் பயன்படுத்தாதீர்கள்.

பெயரைச் சொல்ல வேண்டிய இடம் கட்டுரையின் அடி இல்லை. அந்தத் தகவல் வரும் வாக்கியம்தான். "இன்ன பத்திரிகையின் நிருபர் நேரில் பார்த்தபோது வாசிப்பு அறையில் 17 நாற்காலிகளே இருந்தன" என்று எழுதி, அந்த வார்த்தையிலேயே லிங்க் கொடுங்கள். உங்கள் 14 செய்தியில் ஒன்று கூடக் குறையாது. அதோடு ஒரு போன் போட்டு நீங்களாக ஒரு புதுத் தகவல் சேர்த்தால் அது உங்கள் செய்தியும் ஆகிவிடும்.

ஏஜென்சிக்குச் சந்தா கட்டுகிறோம், பயன்படுத்தலாம். ஆனால் அவர்கள் பெயரை எடுத்துவிட்டு "நமது நிருபர்" என்று போடக் கூடாது. செய்திக் குறிப்பில் அமைச்சரோ மேலாளரோ சொன்னதாக வரும் வரிகளை "அறிக்கையில் கூறியிருக்கிறார்" என்று எழுதுங்கள். வெறும் "கூறினார்" என்றால் நீங்கள் கேட்டதாகிவிடும்.

சொந்தப் பழைய எழுத்து: பழைய பத்தியைப் புதிதுபோல விற்றால் அது வாசகரையும் புது ஆசிரியரையும் ஏமாற்றுவது. 2012-இல் அமெரிக்க எழுத்தாளர் ஜோனா லெரர் இப்படித்தான் முதலில் சிக்கினார். "முன்பு எழுதியதுபோல" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

ஒன்று மட்டும் உங்கள் நிர்வாகத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கும் போகவிடாமல் 14 கேட்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மாட்டும்போது நிருபர் தலை மட்டும்தான் உருளும். அதனால்தான் உங்கள் பெயரை நீங்களே காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

---

சுடர்விழி எழுதியது:

செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொல்லி வாங்குவது? வகுப்பில் பாதிப் பேர் செய்கிறார்கள்.

---

மறுகரை எழுதியது:

அது எந்த வரியை எங்கிருந்து பெற்றது என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது என்றால் கூழாங்கல்லின் பழைய கோப்பு போலத்தான் அதுவும், இன்னும் பெரியது. 2023 தொடக்கத்தில் சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் இப்படி எழுதி வாங்கிய 77 கட்டுரைகளில் 41-க்குத் திருத்தம் போட வேண்டியிருந்தது. சிலவற்றில் வாக்கியங்கள் முழுக்கச் சொந்தமானவை அல்ல என்றும் ஒப்புக்கொண்டார்கள். எழுத்துப்பிழை பார்க்க, பேட்டி ஒலிப்பதிவை எழுத்தாக்க வைத்துக்கொள்ளுங்கள். செய்தியை அதனிடம் கேட்காதீர்கள்.

---

தூறல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு செய்திகள்.

இரண்டு கட்டுரைகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கம் பக்கமாக வைத்து, அந்தத் தளத்தின் ஆசிரியருக்கு எழுதினேன். கோபமாக எழுதவில்லை. "பெரியவரின் வயது 76, அது என் பிழை. உங்கள் நிருபர் அவரைச் சந்தித்திருந்தால் இது தெரிந்திருக்கும்" என்று எழுதினேன். மூன்று நாள் பதில் இல்லை. நேற்று அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை. நான் கேட்டது நீக்குவதை இல்லை, சொல்வதை. இதில் எனக்குத் திருப்தி இல்லை.

இன்னொன்று. கூழாங்கல் எழுதியதைப் படித்த இரவு என் கட்டுரைக்கான கோப்பைத் திறந்து பார்த்தேன். நூலகம் எப்படித் தொடங்கப்பட்டது, முதல் புத்தகங்களை யார் தலையில் சுமந்து வந்தார்கள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். நூலகத்தின் பழைய ஆண்டு மலர் ஒன்றில் இருந்து எடுத்தது அது. பெரியவர்தான் அந்த மலரை வீட்டிலிருந்து கொண்டுவந்து காட்டினார். செல்போனில் படமெடுத்துத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். மலரையும் சொல்லவில்லை, அதை எழுதியவரையும் சொல்லவில்லை. மூன்று வாக்கியம் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

டெஸ்க்கில் சொன்னேன். "யாரும் கேட்கவில்லையே, அந்த மலர் யாரிடம் இருக்கப்போகிறது" என்றார்கள். பெரியவரிடம் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசியதில் ஒப்புக்கொண்டார்கள். இன்று காலை கட்டுரையின் கீழே இந்தக் குறிப்பு சேர்ந்திருக்கிறது:

"நூலகத்தின் தொடக்கம் பற்றிய பத்தி, நூலகத்தின் ஆண்டு மலரில் அதன் முதல் நூலகர் எழுதிய கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது. முந்தைய பதிப்பில் இது குறிப்பிடப்படவில்லை. வாசகர் ஒருவரின் வயதும் தவறாக வந்திருந்தது. அவருக்கு வயது 76."

பெரியவருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். முதல் நூலகரின் பெயரையும் போட முடியுமா என்று கேட்டார். டெஸ்க்குக்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.